கண் பட்ட கத்தரிக்காய்

எங்கள் கருவேலங்குளம் குடியிருப்பில் பொறாமைப்பட்டால்தான் செடி வளரும் என்று வெளியாட்களிடம் சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள். எங்களுக்கு அது லாரித் தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்பதைப் போலத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு விவரம், அவ்வளவுதான். மதுரைக்கு வெளியே, ரிங் ரோட்டைத் தாண்டிக் கட்டிய மூன்று பிளாக்குகளில் நாங்கள் இருக்கிறோம், மூன்றுக்கும் நடுவே ஒரு காலி மனை இருக்கிறது, சாவி கொடுத்த அன்று அதில் பூங்கா வரும் என்றார்கள், வந்தது உடைந்த கக்கூஸ் கோப்பைகளும் புது ஃப்ரிட்ஜ் வாங்கியவர்கள் வீசிய தெர்மோகோலும் யார் வீட்டுக் கல்யாணத்திலோ மிஞ்சிய வாழைமரமும்தான். அந்த மனையைக் கடந்து போகும்போதெல்லாம் நாங்கள் ஒருவர் பையை ஒருவர் எட்டிப் பார்த்தோம், ஒருவர் பால்கனியை ஒருவர் அண்ணாந்து பார்த்தோம், எதிர் வீட்டில் பெயிண்ட் அடித்தால் எங்கள் வீட்டில் சோறு இறங்காமல் தவித்தோம். மண் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தக்காளி விலை ஏறி எல்லார் வீட்டு ரசத்திலும் வெறும் புளி நீந்திய ஆனி மாதத்தில், குடியிருப்போர் சங்கத் தலைவர் துரைச்சிங்கம் அந்த மனையைச் சுத்தம் செய்து காய்கறித் தோட்டம் போடுவதென்று முடிவெடுத்தார். அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், வேலை போனாலும் குரல் போகவில்லை. "யாரும் படியில நிக்காதீங்க, உள்ள வாங்க, எடம் இருக்கு" என்று எல்லாரையும் மனைக்குள் இறக்கி, கயிறு பிடித்து, வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக் கொடுத்தார், ஓரத்துப் பாத்திதான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்களை நடுவில் தள்ளினார். தோட்டக்கலை ஆபீசிலிருந்து மெர்லின் என்ற பெண் ஸ்கூட்டியில் விதைப் பொட்டலங்களோடு வந்து, மக்கிய குப்பை எது, மக்காத குப்பை எது, விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது, நாற்றை எப்போது பிடுங்கி நடுவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். எங்களில் பாதிப் பேருக்குக் கொத்தமல்லி என்றால் காய்க்காரர் கொசுறாகக் கொடுப்பது, அது மண்ணிலிருந்து வருகிறது என்பதே புதுச் செய்தியாக இருந்தது.

பி பிளாக் இரண்டாவது மாடியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த பஞ்சவர்ணத்துக்கும் சுந்தரவல்லிக்கும் பாத்தியும் பக்கத்துப் பக்கத்திலேயே விழுந்தது. இரண்டு பேரும் ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். மூத்தவள் பஞ்சவர்ணத்தின் புருஷன் அழகுராசா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார், வரும்போதே படிக்கட்டில் இருந்து "ஏ பஞ்சு, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்டுக்கொண்டுதான் ஏறுவார், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்பது மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். இளையவள் வல்லியின் புருஷன் பாண்டித்துரை சவுதியில் இருந்தான், மகன் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். வல்லி வீட்டில் இரண்டு கதவு வைத்த ஃப்ரிட்ஜ் இருந்தது, ஏசி இருந்தது, ஒரு பித்தானை அமுக்கினால் தானே துவைத்துத் தானே பிழியும் மிஷின் இருந்தது, அந்த மிஷின் ஓடும்போது நடுச்சுவர் வழியாகப் பஞ்சவர்ணத்தின் வீட்டுப் பாத்திரங்கள் மெல்ல அதிர்ந்தன. அவற்றோடு சேர்ந்து பஞ்சவர்ணமும் அதிர்ந்தாள்.

பஞ்சவர்ணம் பொறாமையை மறைத்து வைக்கிற ஆள் இல்லை. நாங்களெல்லாம் உள்ளே புழுங்கிக்கொண்டு வெளியே "நல்லா இருக்கட்டும்" என்று பல்லைக் காட்டும்போது, அவள் நடு வாசலில் நின்று "எனக்கு வயிறு எரியுதுடி" என்று சொல்லிவிடுவாள். வல்லியைப் பார்த்து எரியாத நாள் அவளுக்கு விடிந்ததே இல்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் முன்னால் இருந்தாள்: மாமியார் வீட்டில் பொங்கல் பானையில் முதல் கை அரிசி போடுவது மூத்த மருமகள், கட்டி வந்த வருஷத்திலிருந்து அது அவள் கை, மாமியார் செத்த பிறகும் அது அவள் கைதான். ஃப்ரிட்ஜுக்கு எத்தனை கதவு இருந்தாலும் அந்த இடத்தில் வல்லி பின்னால்தான் நிற்க வேண்டும்.

இந்த நிலையில்தான் துரைச்சிங்கம் ஆடியில் விதை போட்ட அன்றே தைப்பொங்கலுக்கு ஒரு ஏற்பாட்டை அறிவித்தார். மனை நடுவில் பெரிய அண்டா வைத்து ஊருக்கே ஒரே பொங்கல் குழம்பு, வீட்டுக்கு ஒரு காய், மூத்த மருமகள் முதலில் போட வேண்டும், ஆனால் அவரவர் பாத்தியில் விளைந்த காயாக இருக்க வேண்டும். "கடைக்காய் கொண்டாந்தா வித்தவுட்டு, எறக்கி விட்ருவேன்" என்றார். எல்லாரும் கை தட்டினோம். பஞ்சவர்ணம் எல்லாரையும் விடச் சத்தமாகத் தட்டினாள், மூன்று பிளாக்கிலும் ஓரகத்தியோடு குடியிருந்த மூத்த மருமகள் அவள் ஒருத்திதான், அண்டாவில் விழப்போகும் முதல் காய் தன் காய் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

ஆனால் செடி வளரவில்லை. மெர்லின் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தோம், முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டோம், அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினோம், விதை முளைத்தது, விரல் உயரம் வந்தது, அப்படியே நின்றது. கண் பட்டிருக்கும் என்று பேசிக்கொண்டோம், இத்தனை கண் இருக்கிற இடத்தில் படாமல் என்ன செய்யும். ஆகவே யாரும் யாரையும் கேட்காமல் ஒரே வாரத்தில் பாத்திக்குப் பாத்தி கரும்புள்ளி செம்புள்ளி குத்திய பானையைக் கவிழ்த்து வைத்தோம், நடுவில் நாக்கைத் தொங்கவிட்ட திருஷ்டி பொம்மை ஒன்றை மூங்கிலில் கட்டி நிறுத்தினோம், வாசலில் பூசணிக்காயில் பூதத்தின் முகம் வரைந்து தொங்கவிட்டோம். செடிகள் விரல் உயரத்திலிருந்து நக உயரத்துக்கு இறங்கின.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காற்றடித்து பொம்மை குப்புற விழுந்தது, பானைகள் உடைந்தன, பூசணிக்காய் அழுகிக் கீழே சிதறியது. மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் சேதம் பார்க்கப் போனாள். வல்லியின் பாத்தியில் ஒரு கத்தரிச் செடி ஒரு பூ விட்டிருந்தது, ஒன்றே ஒன்று, ஊதா நிறத்தில், கம்மல் அளவுக்கு. பஞ்சவர்ணம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். "இவளுக்கு மட்டும் எப்பிடித்தான் எல்லாம் வந்து வாய்க்குதோ! மண்ணுங்கூட இருக்கறவளுக்குத்தான் வாயத் தொறக்குது!" என்று அடிவயிற்றிலிருந்து சொன்னாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செடி நிமிர்ந்தது, சோம்பல் முறிப்பது போலக் கிளை விட்டது, இலை உள்ளங்கை அளவாகி, தட்டு அளவாகி, அவள் முழங்காலைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு, சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது கிளைக்குக் கிளை காய்கள் தொங்க, பாரம் தாங்காமல் அவள் பாத்திப் பக்கமே சாய்ந்துவிட்டது.

காரணம் என்ன என்று நாங்கள் தேடவில்லை, குழாயில் தண்ணீர் வரும்போது ஏன் வருகிறது என்று யாராவது கேட்பார்களா, குடத்தைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுவோம். மெர்லின் வந்தாள், செடியைத் தொட்டுப் பார்த்தாள், நடந்ததைக் கேட்டுக்கொண்டாள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப காலையில தண்ணி, சாயங்காலம் பொறாமை. வெயில் நேரத்துல மட்டும் படாதீங்க, இலை கருகிரும்" என்றாள். அவள் சொன்னது சரியாகவே இருந்தது. துரைச்சிங்கம் உடனே முறை போட்டார், ஏ பிளாக் போய் சி பிளாக் பாத்திகளைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும், சி பிளாக் பி பிளாக்கை, பி பிளாக் ஏ பிளாக்கை, "சில்லறையா வச்சுக்கிட்டு வாங்க, மொத்தமா ஒரே ஆளுக்குக் குடுக்காதீங்க" என்றார். நகைக்காகப் பட்ட பொறாமையில் பூசணி உருண்டது, மார்க்குக்காகப் பட்டதில் மிளகாய் காரமாக வந்தது, மாமியார் இல்லாத வீட்டு மருமகளைப் பார்த்து மற்ற மருமகள்கள் பட்ட பொறாமையில் ஒரே பாத்தியில் இருபது முழப் புடலை இறங்கியது. என் வெண்டைக்காய்க்கு யாரும் பெரிதாகப் பொறாமைப்படவில்லை, அது சுமாராக வந்தது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

குடியிருப்பே தலைகீழாகிவிட்டது. கண் படும் என்று புதுப்புடவையைப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தவர்கள் அதைப் பால்கனியில் விரித்துப் போட்டார்கள். மூன்று மாதம் முடியும்வரை மூச்சுவிடாமல் இருந்தவர்கள் முதல் வாந்தியையே படிக்கட்டில் நின்று அறிவித்தார்கள். சம்பள உயர்வை அரைகுறையாகச் சொன்ன ஆம்பளைகள் உள்ளதற்கு மேல் சேர்த்துச் சொன்னார்கள். பிள்ளைகள் கன்னத்துப் பொட்டை மட்டும் யாரும் அழிக்கவில்லை, பிள்ளைகள் கத்தரிக்காய் இல்லையே. முழம் முழமாகப் பெருமை பேசினோம், கூடை கூடையாகக் காய் பறித்தோம், ஒரு மாதத்தில் எங்கள் தெருவுக்குக் காய் வண்டி வருவதே நின்றுபோயிற்று.

எல்லார் கண்ணிலும் வலுவான கண் பஞ்சவர்ணத்தின் கண்தான் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. நாங்கள் பத்துப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கி வளர்க்கிற கொடியை அவள் ஒரு பெருமூச்சில் பந்தல் ஏற்றினாள். அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், புது மிக்ஸியைக் காட்டி, மருமகன் வாங்கித் தந்த வளையலைக் காட்டி, காபி கொடுத்து, "வயிறு எரியுதாக்கா?" என்று அன்பாகக் கேட்டு, எரிகிறது என்றதும் அப்படியே தோட்டத்துக்கு அழைத்து வந்தார்கள். முதலில் அவளுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. பிறகுதான் ஒரு நாள் தன் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். ஊரெல்லாம் பச்சையாக இருக்க, அவள் பாத்தி கழுவித் துடைத்த தட்டு மாதிரி வெறுமையாகக் கிடந்தது. அவளைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு ஆள் இல்லை.

கார்த்திகை முடியப் போகிற நேரத்தில் வல்லி ஒரு நாள் கூடை நிறையக் காயோடு வந்தாள், கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னாள். "பொங்கலுக்கு ஒங்க பாத்தியில ஒண்ணும் வரலைன்னா பரவால்லக்கா, ஒங்களுக்குப் பதிலா நானே மொதக் காயப் போட்டுர்றேன்." நல்ல எண்ணத்தில் சொன்னாளோ என்னவோ, பஞ்சவர்ணத்துக்கு அது சுருக்கென்று இறங்கியது. அன்றைக்கே கவரிங் ஆரம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று பிளாக்கையும் சுற்றி வந்தாள். எங்கள் கண் ஏமாந்தது, ஒரு நொடி எரிந்தது, ஆனால் மண் ஏமாறவில்லை.

கடைசியில் அவள் துரைச்சிங்கத்தின் முன்னால் போய் நின்றாள். "ஒங்க எல்லாத்துக்கும் நான் பொறாமைப்பட்டேன்ல? எனக்கு எவளாச்சும் பட்டீங்களா? மனுசங்களா நீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. துரைச்சிங்கம் எங்களை எல்லாம் கூட்டி அவள் பாத்தியைச் சுற்றி நிறுத்தினார், "எல்லாரும் பஞ்சவர்ணத்தப் பாத்து நல்லாப் பொறாமைப்படுங்க, யாரும் டிக்கெட் எடுக்காம நிக்காதீங்க" என்றார். நாங்கள் உண்மையாகவே முயன்றோம். அவளிடம் எதைப் பார்த்து எரிவது என்று தேடினோம், ஒழுகுகிற பால்கனி நினைவுக்கு வந்தது, தையல் பிரிந்த சோபா வந்தது, மகளைத் தேனியில் கட்டிக் கொடுத்து அவள் வருஷத்துக்கு ஒரு தடவை வருவது வந்தது. யாரோ ஒருத்தி தன்னை அறியாமல் "அய்யோ பாவம்" என்று உச்சுக் கொட்டினாள். அந்தச் சத்தம் விழுந்த இடத்தில் கோரைப்புல் முளைத்தது, பாத்தி முழுக்கப் பரவியது. பஞ்சவர்ணம் உட்கார்ந்து அதைப் பிடுங்கினாள், பிடுங்கப் பிடுங்க வந்தது, நாங்கள் ஒவ்வொருவராக நழுவி வீட்டுக்குப் போனோம்.

மார்கழி பிறந்த வாரத்தில், கோலம் போட இறங்கியவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். பஞ்சவர்ணத்தின் பாத்தியில் கோரையை விலக்கிக்கொண்டு ஒரு கத்தரிச் செடி நின்றது. விதை போட்டு எப்போதோ மறந்துபோனது. அவளை எழுப்பிக் கூட்டி வந்தார்கள், அவள் நைட்டியோடு ஓடி வந்து மண்டி போட்டு, இலையைத் தடவி, அடியிலிருந்து நுனிவரை முகர்ந்து பார்த்தாள். "யாருடி?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். "எவடி அது? எதப் பாத்து?" எங்களுக்குத் தெரியவில்லை. செடி அன்றாடம் வளர்ந்தது, பூத்தது, குண்டுமணி அளவில் பிஞ்சு விட்டது. பஞ்சவர்ணம் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். தன் புடவையா, தன் நிறமா, தன் கை ருசியா என்று கண்ணாடி முன் நின்று தேடினாள், எதைக் கண்டாலும் அதுவாகத்தான் இருக்கும் என்று நம்பினாள், இருபது வருஷமாகப் பார்க்காத அழகெல்லாம் அவளுக்குத் தன்னிடம் தெரிந்தது.

அதில் ஒரு சங்கடம் இருந்தது, மனசு நிறைந்துபோனதில் அவளுக்கு வயிறு எரிவது நின்றுவிட்டது. எங்கள் செடிகள் தொய்ந்தன. துரைச்சிங்கம் ஓடிப்போய், "தாயி, என் பேரன் பர்ஸ்ட் ரேங்க்கு" என்றார், அவள் "நல்லா இருக்கட்டும்ண்ணே, இன்னும் மேல வரட்டும்" என்று மனசார வாழ்த்தினாள், அவர் பாத்தியில் புடலை அந்த இடத்திலேயே சுருண்டது. வளையலைக் காட்டினோம், "ஒனக்கு எடுப்பா இருக்குடி" என்றாள், அவரைக்காய் உதிர்ந்தது. வல்லியின் பாத்தியைப் பார்த்துக்கூட, "பாவம், அவளும்தான் பாடுபடுறா" என்று சொல்லிவிட்டுப் போனாள், அன்றைக்கு வல்லியின் கத்தரி பாதி வாடியது. இப்படி ஒரு நல்லவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டோம்.

போகிக்கு முந்தின சாயங்காலம் அவள் பாத்தியில் ஐந்தாறு காய் பளபளவென்று தொங்கியது. நாளை மறுநாள் பொங்கல். பஞ்சவர்ணம் அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள், பூரிப்பு அதிகமாகி அவளுக்குப் பயம் வந்தது. இத்தனை அழகாக இருக்கிறதே, யார் கண்ணாவது பட்டுவிட்டால்? பெற்ற மகளுக்கும், கட்டிய புருஷனுக்கும், புது ஆட்டோவுக்கும் காலமெல்லாம் செய்து பழகிய கை, யோசிக்கவே இல்லை. கல் உப்பும் வரமிளகாயும் கடுகும் எடுத்தாள், முச்சந்தி மண் ஒரு பிடி எடுத்தாள், செடியை இடமும் வலமுமாகச் சுற்றினாள், "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, எல்லாக் கண்ணும் போக" என்று சொல்லி, துப்பத் தெரியாத செடிக்குப் பதிலாகத் தானே மூன்று தடவை துப்பி, மூலையில் மூட்டிய நெருப்பில் போட்டாள். மிளகாய் படபடவென்று வெடித்தது, ஒரு தும்மல் வரவில்லை, ஒரு துளி நெடி இல்லை. நெடி இல்லை என்றால் பலத்த கண் பட்டிருந்தது, இப்போது கழிந்தது என்று அர்த்தம். நல்லவேளை என்று கையைத் தட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

போகி காலையில் செடி காய்ந்த சுள்ளியாக நின்றது. காய்கள் கடுகாகச் சுருங்கி மண்ணில் உதிர்ந்து கிடந்தன. தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாழ்க்கையிலேயே தன்மேல் பட்ட ஒரே ஒரு பொறாமைக் கண்ணை அவளே சுற்றிப் போட்டுக் கொளுத்திவிட்டாள். பாத்தி வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அங்கேதான் வல்லி வந்தாள். கையில் வழக்கமான கூடை, வாடாமல் மிஞ்சிய நாலு கத்தரிக்காய். முகம் மட்டும் எதையோ தொலைத்தவள் முகமாக இருந்தது.

"அக்கா, எனக்கு ஒண்ணு காணாமப் போயிருச்சு. ஒங்களுக்குத் தெரியுமா?"

"என்னடி காணாமப் போச்சு? நகையா?" என்றாள் பஞ்சவர்ணம் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நகை இல்லக்கா." வல்லி பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெரியத்தான் படியேறும்போது 'என்ன வெஞ்சனம்'னு கேப்பாகள்ல. எங்க வீட்ல அப்பிடிக் கேக்க ஆளே கெடையாது. ஒரு கொழம்ப வச்சு மூணு நாளைக்கு ஃப்ரிட்ஜுல வச்சு நானாத் திம்பேன். இந்தப் பொங்கலுக்கு வந்துருவேன்னாரு ஒங்க கொழுந்தன், மார்கழி பொறந்தப்ப போன் பண்ணி வரலைன்னுட்டாரு. அன்னையிலருந்து பெரியத்தான் சத்தம் கேட்டாலே எனக்கு இங்கன தீயாப் பிடிக்கும். நீங்க சண்டை போடுறது, சிரிக்கிறது, எல்லாத்தையும் செவுத்துல காத வச்சுக் கேட்டுக்கிட்டேதான் நான் சோறு திங்கிறது. நேத்து ராத்திரியும் வந்து கேட்டாக. எனக்கு ஒண்ணுமே பண்ணல. எரியல. அந்த எடம் வெறிச்சுனு கெடக்கு."

பஞ்சவர்ணம் அவளையே பார்த்தாள். இவளா? என்னைப் பார்த்தா? ஓடிப்போய் மூன்று பிளாக்கிலும் கூவ வேண்டும் போல முதலில் இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று மனசு குதித்தது. அதற்குப் பின்னாலேயே, இத்தனை வருஷம் எந்த ஃப்ரிட்ஜை நினைத்து வயிறு எரிந்தாளோ அந்த ஃப்ரிட்ஜுக்குள் ஒரு கிண்ணத்தில் மூன்று நாள் குழம்பு இருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது, குதித்த மனசு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"நாந்தான்டி சுத்திப் போட்டேன்" என்றாள். "செடிக்குன்னு நெனச்சுச் செஞ்சேன். ஒனக்கும் சேத்துப் போயிருச்சு."

"திருப்பிக் குடுத்துருங்கக்கா. எரிஞ்சாலும் அது எனக்கு ஒரு தொணையா இருந்துச்சு."

"அத எப்பிடிடி திருப்பிக் குடுக்குறது?"

"மத்தியானம் பெரியத்தான் வர்றப்ப எப்பயும் போல இருங்க. கொஞ்சம் சத்தமா." வல்லி கத்தரிக்காயை அவள் மடியில் கொட்டிவிட்டு எழுந்து போனாள்.

மத்தியானம் அழகுராசா "ஏ பஞ்சு, என்ன வெஞ்சனம்?" என்று படியேறி வந்தார். பஞ்சவர்ணத்தால் எப்போதும் போல இருக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருக்கிறது என்று தெரிந்த பிறகு எவளால் இயல்பாக இருக்க முடியும். "வாங்க, ஒங்களுக்குப் பிடிச்ச எண்ணெய்க் கத்தரிக்காதான்" என்று இழுத்து இழுத்துச் சொன்னாள், காரணமில்லாமல் ஹஹ்ஹா என்று சிரித்தாள். அவர் பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நாளைக்கு வெறுங்கையோடு அண்டா முன்னால் நிற்கப்போகிறோம் என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டார், மென்றார், நிறுத்தினார். "ஆகா. இது வல்லி பாத்திக் காயா? அதான பாத்தேன். அந்தப் புள்ள கை பட்டாலே தனி ருசி."

பஞ்சவர்ணத்துக்குள் ஒரு மாதமாக அணைந்து கிடந்தது குப்பென்று பற்றியது. "என்னது? அப்ப இத்தன வருசம் நான் பொங்கிப் போட்டது கசந்துச்சோ? எண்ணெய் ஊத்துனது யாரு, வதக்குனது யாரு, பேரு அவளுக்கா? அப்ப அங்கயே போயித் தின்னுங்க!"

"ஏய், ஒரு கத்தரிக்காய்க்காடி பொறாம?"

"ஆமா, கத்தரிக்காய்க்குந்தான்! அது காம்புக்குந்தான்!"

"சரி, அந்தக் காம்பையும் எடுத்து என் தட்டுல போடு. ஒன் பொறாமைய நானே மென்னு தீத்துர்றேன்."

அவள் கரண்டியை ஓங்கினாள், அவர் உண்மையிலேயே தட்டை நீட்டிக்கொண்டிருந்தார், அதைப் பார்த்ததும் கோபத்தின் நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, அவரும் சிரித்தார், இரண்டு பேரும் புரையேறும்வரை சிரித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு எவர்சில்வர் கிண்ணம் விழுந்து, வெகுநேரம் உருண்டு, அடங்கியது. பஞ்சவர்ணம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

பொங்கல் காலையில் தோட்டம் முழுக்க நிமிர்ந்து நின்றது. வல்லியின் கத்தரி ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தது. அதற்குப் பக்கத்துப் பாத்தியில், காய்ந்த சுள்ளியின் நுனியில், ஒரே ஒரு காய், கட்டைவிரல் அளவு, முள்ளோடு, ஊதா நிறத்தில் தொங்கியது. அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. "மொத டிக்கெட்டு பஞ்சவர்ணம், ஏறி வா தாயி" என்றார் துரைச்சிங்கம். அவள் காயைக் காம்போடு பறித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, அண்டாவுக்குள் போட்டாள். பின்னால் கூடையோடு நின்ற வல்லியைத் திரும்பிப் பார்த்தாள். வல்லியும் அவளைப் பார்த்தாள். இரண்டு பேர் வயிறும் எரிந்தது, அதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போதும் மத்தியானம் அழகுராசா படியேறும்போது பஞ்சவர்ணம் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வேண்டுமென்றே, நடுச்சுவரைப் பார்த்துக்கொண்டுதான் வெஞ்சனத்தின் பேரைச் சொல்கிறாள். சாயங்காலம் தவறாமல் வல்லியின் பாத்தி ஓரத்தில் இடுப்பில் கை வைத்து நின்று "இவளுக்கு மட்டும் எப்பிடித்தான்" என்று ஆரம்பிக்கிறாள், வல்லி பக்கத்திலேயே நின்று கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றப் போகிறாள். ஆண்டவன் புண்ணியத்தில், இன்றுவரை இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி மனசார வாழ்த்தியதில்லை.